மருந்துச் சீட்டை எழுதுவது யார் கை?

(கம்பத்தில் விவசாயத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுகிற மேடையில் டாக்டர்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கூலி உயர்வுக்காக மாதக்கணக்கில் போராடுகிறோம். பத்து ரூபாயோ இருபது ரூபாயோ உயர்கிறது. வீட்டில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை வியாதி, இன்னொருவருக்கு ரத்த அழுத்தம், குழந்தைக்குக் காய்ச்சல். போராடி வாங்கிய உயர்வு மருந்துக் கடை மேஜையில் ஒரே மாலையில் கரைந்துவிடுகிறது. மருந்து விலையைப் பற்றிப் பேசாமல் கூலியைப் பற்றிப் பேச முடியாது. மருந்து விலையின் பின்னால் டாக்டருக்கும் கம்பெனிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டாக்டர்களைத் திட்டுவதற்காக இந்தக் கூட்டம் கூட்டப்படவில்லை. இரவு இரண்டு மணிக்குப் பாம்புக் கடியோடு தூக்கி வந்தவனைப் பிழைக்க வைத்த டாக்டர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். கம்பெனிக்காரர் கொடுக்கும் பேனாவைக்கூட வாங்காத டாக்டர்கள் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒரே கேள்விதான். டாக்டர் எழுதும் சீட்டில் இருப்பது அவருடைய படிப்பின் முடிவா, கம்பெனியின் விற்பனைத் திட்டமா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டா, இல்லையா?

மண்டிச் சீட்டும் மருந்துச் சீட்டும்

உங்களுக்குக் கமிஷன் என்றால் என்னவென்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் திராட்சை போடுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வாழையும் தக்காளியும் மண்டிக்குக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறீர்கள். மண்டிக்காரர் உங்கள் சரக்கை விற்றுக் கொடுத்து, சீட்டு ஒன்று தருகிறார். அதில் எடை எவ்வளவு, விலை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. கமிஷன் அதிகம் என்று நீங்கள் சண்டை போடலாம். வேறு மண்டிக்குப் போகலாம். சங்கம் சேர்த்துக் கேட்கலாம். ஏன் முடிகிறது? கமிஷன் சீட்டில் எழுதியிருக்கிறது, அதனால் முடிகிறது.

மருந்துச் சீட்டைப் பாருங்கள். அதில் டாக்டர் பெயர் இருக்கிறது. மருந்தின் பெயர் இருக்கிறது. அந்த மருந்தை எழுதியதற்காக யாராவது யாருக்காவது ஏதாவது கொடுத்தார்களா என்பது மட்டும் இல்லை. மண்டியில் ஏமாந்தால் ஒரு பருவத்தின் வருமானம் போகிறது. இங்கே ஏமாந்தால் உடம்பும் போகிறது, கடனும் ஏறுகிறது.

பருத்திக்கும் திராட்சைக்கும் பூச்சிமருந்து வாங்கப் போகும்போது, எந்தக் கம்பெனி மருந்தில் கடைக்காரருக்கு லாபம் கூடுதலோ அதைத்தானே முதலில் எடுத்து வைப்பார் என்று விவசாயி சந்தேகப்படுகிறான். பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்கிறான்; இலையைத் திருப்பிப் பார்க்கிறான்; தன் அனுபவத்தை வைத்து முடிவு செய்கிறான். தன் உடம்புக்கு மருந்து வாங்கும்போது அதே விவசாயியால் அப்படிச் செய்ய முடிவதில்லை. சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கவே முடிவதில்லை. இந்த நம்பிக்கைதான் கம்பெனிக்கு மூலதனம்.

டாக்டரின் போர்டு என்ன சொல்கிறது?

ஆஸ்பத்திரி வாசலில் தொங்கும் போர்டைப் பாருங்கள். டாக்டர் பெயர், எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்ற பட்டங்கள், பார்வை நேரம். இது டாக்டரின் பின்னணியைச் சொல்லும் போர்டு. இந்த விஷயத்தில் சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட தொழில் நடத்தை, ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளின்படி, டாக்டர் தமது பதிவு எண்ணை ஆஸ்பத்திரியில் எழுதி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும், சர்ட்டிபிகேட்டிலும், ரசீதிலும் போட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களை மட்டுமே பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். தமது கட்டணம் எவ்வளவு என்பதை போர்டில் எழுதி வைக்க வேண்டும். நோயாளியோ அவருக்கு வேண்டியவரோ சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் நீங்கள் போகிற ஆஸ்பத்திரிகளில் எத்தனை இடத்தில் கட்டண போர்டு தொங்குகிறது? வீட்டுக்குப் போனபின் யோசித்துப் பாருங்கள்.

பட்டம் எங்கிருந்து வந்தது என்பதும் பின்னணிதான். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004-ல் தொடங்கப்பட்டது. அங்கே படித்து வெளியே வரும் ஒவ்வொரு டாக்டரின் படிப்புச் செலவிலும் ஏலத் தோட்டத்துப் பெண்கள் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுத்த வரி கலந்திருக்கிறது. மற்றொரு பக்கம், தனியார் கல்லூரியில் பெரும் தொகை கட்டி, கடன் வாங்கிப் படித்து வரும் இளம் டாக்டர் இருக்கிறார். வெளியே வந்ததும் அவருக்கு வட்டி ஓட ஆரம்பிக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி கதவைத் தட்டுகிறது. கல்வியை வியாபாரமாக்கினால் வைத்தியமும் வியாபாரமாகாமல் என்ன செய்யும்?

ஆகவே, போர்டு பாதிப் பின்னணியைத்தான் சொல்கிறது. எங்கே படித்தார் என்று சொல்கிறது. யாரிடம் வாங்குகிறார் என்று சொல்லவில்லை.

கம்பெனி ஏன் கொடுக்கிறது?

கம்பெனி தருமம் செய்வதற்காகக் கொடுப்பதில்லை. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சேலைக் கடையில் சேலையைத் தேர்ந்தெடுப்பவரும் காசு கொடுப்பவரும் ஒருவரே. மருந்தில் அப்படியில்லை. தேர்ந்தெடுப்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் நோயாளி. மருந்துக் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கலாமே என்றால், அதுவும் முடியாது. மருந்து விதிகளில் 65-ம் விதி, டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றாகவே இருந்தாலும் மாற்றக் கூடாது. நோயாளியின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட விதி இது. ஆனால் டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதிவிட்டால், நோயாளி அந்தக் கம்பெனியின் வாசலில் கட்டிப் போடப்பட்டவன் ஆகிறான். ஆகவே லட்சக்கணக்கான நோயாளிகளைப் பிடிப்பதற்குக் கம்பெனி லட்சம் பேரிடம் போக வேண்டியதில்லை. ஒரு டாக்டரைப் பிடித்தால் போதும்.

விலைக் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2013-ம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவிலை வைக்கிறது. எப்படி வைக்கிறது தெரியுமா? தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்த்து அல்ல. 1995-ம் ஆண்டு உத்தரவில் அந்த முறை இருந்தது. 2013-ல் அது மாற்றப்பட்டது. சந்தையில் 1 சதவிகிதமும் அதற்கு மேலும் விற்பனையுள்ள கம்பெனிகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரர் லாபம் 16 சதவிகிதம் சேர்த்து உச்சவிலை நிர்ணயிக்கிறார்கள். டாக்டர்களைப் பிடித்து விலையை ஏற்றிய கம்பெனியின் விலையும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடுகிறது. உச்சவிலைக்குள் வராத மருந்துகளை ஆண்டுக்கு 10 சதவிகிதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். நமது கூலி ஆண்டுக்கு 10 சதவிகிதம் தானாக ஏறுகிறதா, தோழர்களே?

சென்னைக் கம்பெனியின் வழக்கு

இது ஊகமல்ல, சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு இருக்கிறது. அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்பது சென்னையைச் சேர்ந்த மருந்துக் கம்பெனி. ஜிங்கோவிட் என்ற சத்து மாத்திரையை டாக்டர்கள் மத்தியில் பிரபலப்படுத்துவதற்காக மாநாட்டுக் கட்டணம், விருந்தோம்பல், தங்க நாணயம், டெலிவிஷன், குளிர்பதனப் பெட்டி, லேப்டாப் ஆகியவற்றைக் கொடுத்தது. அதற்கு ஆன செலவு 4 கோடியே 72 லட்சத்து 91 ஆயிரத்து 159 ரூபாய். இந்தச் செலவை வியாபாரச் செலவாகக் கருதி, வருமான வரியில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி கேட்டது.

கழித்துக்கொள்வது என்றால் என்ன? கம்பெனி நூறு ரூபாய் பரிசு கொடுத்துவிட்டு அதைச் செலவுக் கணக்கில் எழுதினால், அந்த நூறு ரூபாய்க்கு வரி கட்ட வேண்டியதில்லை. வரி முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டாக்டருக்குக் கொடுத்த தங்க நாணயத்தில் முப்பது ரூபாய் அரசாங்கக் கஜானாவிலிருந்து போனதாக அர்த்தம். மருந்து வாங்கும்போது ஒரு முறை கொடுக்கிறோம். கஜானா வழியாக இன்னொரு முறை கொடுக்கிறோம்.

வருமான வரி அதிகாரிகள் மறுத்தார்கள். சென்னை ஹைகோர்ட்டிலும் கம்பெனி தோற்றது. சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனி என்ன வாதாடியது? பரிசு வாங்கக் கூடாது என்ற விதி டாக்டர்களுக்குத்தான் இருக்கிறது. கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி இல்லை. ஆகவே நாங்கள் செய்தது சட்டவிரோதமல்ல என்று வாதாடியது. கேளுங்கள், தோழர்களே! வாங்கியவன்தான் குற்றவாளி, கொடுத்தவன் வியாபாரி!

2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு.லலித், எஸ்.ரவீந்திர பட் ஆகியோர் இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளினார்கள். வாங்குவது தடை செய்யப்பட்டிருந்தால் கொடுப்பது மட்டும் எப்படி நியாயமாகும் என்று கேட்டார்கள். இலவசம் என்று சொல்லப்படும் இந்தப் பரிசுகள் உண்மையில் இலவசமல்ல, அவற்றின் செலவு மருந்து விலையில் ஏற்றப்பட்டு நோயாளியின் தலையில் விழுகிறது என்றும் எடுத்துச் சொன்னார்கள். நாம் மேடையில் பேசினால் பிரசாரம் என்பார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஒரு வேளைச் சாப்பாடு

“ஒரு பேனாவுக்கும் ஒரு விருந்துக்கும் நான் மாறிவிடுவேனா?” என்று டாக்டர்கள் மனதாரக் கேட்பதுண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் கூறமாட்டேன். தாங்கள் மாறவில்லை என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம் வந்தது. மருந்துக் கம்பெனிகளும் கருவிக் கம்பெனிகளும் டாக்டருக்குக் கொடுப்பதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் அதை வெளியிட வேண்டும். 2014 செப்டம்பர் முதல் எந்த நோயாளியும் தன் டாக்டரின் பெயரைத் தேடி, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்க முடிகிறது. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே இது சாத்தியமாகியிருக்கிறது. பிரான்சிலும் 2011-ல் இதுபோன்ற சட்டம் வந்தது.

பட்டியல் வெளியே வந்ததும் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் டாக்டர்களின் மருந்துச் சீட்டுகளையும் அவர்கள் சாப்பிட்ட விருந்துகளையும் ஒப்பிட்டார்கள். விருந்தின் சராசரி மதிப்பு 20 டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு வேளை சாப்பிட்ட டாக்டர்களும்கூட, சாப்பிடாதவர்களைவிட அந்தக் கம்பெனி மருந்தை அதிகமாக எழுதியிருந்தார்கள். விருந்துகள் கூடக்கூட எழுதுவதும் கூடியிருந்தது. விருந்தினால்தான் எழுதினார்கள் என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே போகின்றன என்று காட்டியது. ஆனால் பலன் இல்லாத விருந்தை எந்த முதலாளியாவது ஆண்டு தவறாமல் போட்டுக்கொண்டிருப்பானா?

சட்டத்தில் எத்தனை ஓட்டை?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் தனது விதிகளைத் திருத்தியது. மருந்துக் கம்பெனிகளிடமிருந்து பரிசோ, பிரயாணச் செலவோ, ஓட்டல் வசதியோ, ரொக்கமோ டாக்டர் வாங்கக் கூடாது என்றது. நோயாளியை ஸ்கானுக்கும் பரிசோதனைக்கும் வேறு டாக்டரிடமும் அனுப்பியதற்காகக் கமிஷன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்ற விதி 2002-லேயே இருக்கிறது. 2016-ல் தண்டனைகளும் வகுக்கப்பட்டன. வாங்கியது 5,000 ரூபாய்க்கு மேல் போனால் மூன்று மாதம், 10,000-க்கு மேல் ஆறு மாதம், 50,000-க்கு மேல் ஓராண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டினால் அதற்கும் மேலான காலம் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

ஆனால் அதே 2016 திருத்தத்தில் என்ன செய்தார்கள்? தனி டாக்டர் வாங்கக் கூடாது என்ற விதியிலிருந்து டாக்டர்களின் சங்கங்களை விடுவித்தார்கள். முன்வாசலைப் பூட்டினார்கள், பின்வாசலைத் திறந்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ கமிஷன் புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. கம்பெனி நடத்தும் மாநாடுகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. மருந்தை அதன் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்றும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அதே மாதம் முடிவதற்குள் அந்த விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2002-ம் ஆண்டு விதிகளே மீண்டும் அமலுக்கு வந்தன.

கம்பெனிகளுக்கு என்ன கட்டுப்பாடு? 2015-ல் ஒரு நடத்தைக் கோவை வந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்றார்கள். 2024 மார்ச் 12-ல் புதிய கோவை வந்தது. பரிசு கூடாது, டாக்டருக்கும் குடும்பத்துக்கும் சுற்றுலா கூடாது என்று அதில் நன்றாகவே எழுதியிருக்கிறது. ஆனால் புகாரை முதலில் விசாரிப்பது யார்? கம்பெனிகளின் சங்கத்துக்குள்ளேயே அமைக்கப்படும் கமிட்டி! முல்லைப் பெரியாறு வாய்க்காலில் மடையை உடைத்தவரையே மடைக்குக் காவல் போட்ட கதைதான்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆப்வி என்ற பன்னாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளை, 30 டாக்டர்களை மாநாடு என்ற பெயரில் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பி வைத்தது. செலவு 1 கோடியே 91 லட்சம் ரூபாய். 2024 டிசம்பரில் மத்திய அரசின் மருந்துத் துறை இந்தக் கம்பெனியின்மீது எடுத்த நடவடிக்கை என்ன? கண்டனம்! டாக்டர்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மருத்துவ கமிஷனுக்கு எழுதியது. வரிக் கணக்கைப் பார்க்கும்படி வருமான வரித் துறைக்கு எழுதியது. ஏலத் தோட்டத்தில் ஒரு பெண் ஒரு பிடி ஏலக்காயை முந்தானையில் முடிந்தாள் என்றால் அவளைக் கண்டித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

பை தூக்கும் தொழிலாளியும் நம்மவனே

இந்தக் கதையில் இன்னொரு ஆளை மறந்துவிடக் கூடாது. கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு, கனத்த பையுடன், தேனியிலிருந்து பஸ்சில் ஏறி ஊர் ஊராக டாக்டர் வாசலில் காத்துக் கிடக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி. அவரைப் பார்த்தால் கம்பெனி முதலாளி என்று நினைக்கிறோம். அவரும் கூலிக்காரர்தான். மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கு. விற்காவிட்டால் வேலை இல்லை.

அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அவர்களுடைய அகில இந்திய சம்மேளனம் 1963-ல் அமைக்கப்பட்டது. போராட்டங்களின் விளைவாக 1976-ல் விற்பனை ஊழியர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. டாக்டர்களுக்குக் கம்பெனிகள் கொடுப்பதைத் தடுக்க, சட்ட பலமுள்ள விதி வேண்டும் என்று கோரி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதும் இதே சம்மேளனம்தான். 2022-ல் அந்த மனுவை ஏற்று சுப்ரீம் கோர்ட்டு மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. லஞ்சத்தைச் சுமக்க வைக்கப்பட்ட தொழிலாளியே லஞ்சத்துக்கு எதிராக வழக்குப் போட்டான் என்பதை நினைவில் வையுங்கள்.

வேறு வழி இருந்தது, இருக்கிறது

மருந்து விலை இப்படித்தான் இருக்கும், என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குச் சரித்திரத்தைக் காட்ட வேண்டும். 1959-ல் அமெரிக்க செனட்டர் கெபாவர் தொடங்கிய விசாரணையில், உலகிலேயே மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளில் ஒன்று இந்தியா என்பது வெளிப்பட்டது. அன்று பன்னாட்டுக் கம்பெனிகளின் ராஜ்யம். அதற்கு மாற்றாகப் பொதுத்துறை எழுந்தது. 1954-ல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ். 1961-ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். அதன் அறுவைக் கருவித் தொழிற்சாலை நமது சென்னை நந்தம்பாக்கத்திலேயே அமைந்தது. 1970-ம் ஆண்டு பேடண்ட் சட்டம் உள்நாட்டில் மலிவாக மருந்து தயாரிக்க வழிவிட்டது. 1975-ல் ஹாதி கமிட்டி, கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மூலப்பெயரில் மருந்து விற்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு அலமாரியில் தூங்கியது. பொதுத்துறைத் தொழிற்சாலைகளை நலிய விட்டார்கள். 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.லை மூடுவதென்று மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது.

ஆனால் தமிழ்நாட்டில் கண் முன்னால் ஒரு சான்று நிற்கிறது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ன செய்கிறது? தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, மூலப்பெயரில் டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்கி, பரிசோதனைக்கு அனுப்பி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. பெரியகுளத்திலும் கம்பத்திலும் க.விலக்கிலும் காசு வாங்காமல் கொடுக்கும் மாத்திரை அதுதான். அங்கே எந்தக் கம்பெனிப் பெயரை எழுதுவது என்று டாக்டருக்குக் கேள்வியே எழுவதில்லை. அதனால் தங்க நாணயத்துக்கும் வேலையில்லை.

அப்படியானால் மக்கள் ஏன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டையும் போடி மெட்டையும் தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண், பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறாள். அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளைப் பெரும்பாலும் காலையில் பார்க்கிறார்கள். க.விலக்குக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே மாலையில் திறந்திருக்கும் தனியார் டாக்டரிடம் போகிறாள். அரசு ஆஸ்பத்திரியின் நேரத்தையும் ஆட்களையும் அதிகப்படுத்தும் கோரிக்கையும், மருந்துக் கம்பெனியின் பிடியிலிருந்து விடுபடும் கோரிக்கையும் வேறு வேறு அல்ல.

இரண்டு ஆட்சேபணைகள்

முதல் ஆட்சேபணை: கம்பெனி பணம் கொடுக்காவிட்டால் மாநாடு எப்படி நடக்கும், டாக்டர்கள் புதிய விஷயங்களை எப்படிக் கற்பார்கள்? டாக்டர் ஆயுள் முழுவதும் படிக்க வேண்டியவர்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் மருந்து விற்பவனே மருந்தைப் பற்றிப் பாடம் நடத்துவதா? மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடம் அங்கே நடக்கட்டும். செலவை அரசாங்கம் ஏற்கட்டும். மருந்து விலையில் ஏற்றி நம்மிடம் வசூலிப்பதைவிட அது மலிவாகவே முடியும்.

இரண்டாவது ஆட்சேபணை: மூலப்பெயர் மருந்து தரம் குறைந்தது. இந்தக் கவலையை நையாண்டி செய்யக் கூடாது. தரமில்லாத மருந்து ஆளைக் கொல்லும். ஆனால் பெயர் போட்ட மருந்து எல்லாம் தரமானது என்பதற்கு விளம்பரத்தைத் தவிர வேறு உத்தரவாதம் என்ன? தரத்தை உறுதி செய்வது பரிசோதனைச் சாலை. மருந்து ஆய்வாளர்களையும் பரிசோதனைச் சாலைகளையும் அதிகப்படுத்து, முடிவுகளை வெளியிடு என்று கேட்போம். தரத்தின் பெயரைச் சொல்லித் தங்க நாணயத்தை நியாயப்படுத்த விடமாட்டோம்.

நாம் செய்ய வேண்டியது

உடனே செய்யக்கூடியவை சில. டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, மருந்தின் மூலப்பெயரையும் எழுதிக் கொடுங்கள்.” மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திருத்திய விதியே சொல்கிறது. சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். மூலப்பெயர் கையில் இருந்தால் 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும், மக்கள் மருந்தகத்திலும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டு வரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021-ல் தொடங்கப்பட்டது. உங்கள் தெருவில் பெயர் விட்டுப் போனவர்களைச் சேருங்கள். தவறு நடந்ததற்குச் சான்று இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். ஒரு எச்சரிக்கை: இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் சாப்பிடும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கேள்வி கேட்பது வேறு, மருந்தை விடுவது வேறு.

ஆனால் தனி நோயாளியால் இந்த அக்கிரமத்தை ஒழிக்க முடியாது. காய்ச்சலில் நடுங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் டாக்டரிடம் வாதாடுவாள்? இதைச் சங்கம்தான் கேட்க வேண்டும். நாம் கேட்பவை இவை:

ஒன்று. கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பதைத் தடை செய்யும் கோவையைச் சட்டமாக்கு. மீறினால் கம்பெனிக்கே தண்டனை கொடு. விசாரணையைக் கம்பெனிச் சங்கத்திடம் விடாதே.

இரண்டு. கம்பெனிகள் எந்த டாக்டருக்கு, எந்தச் சங்கத்துக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கொடுத்தன என்ற பட்டியலைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடு. இப்படிப்பட்ட பட்டியல் தயாரிப்பது கஷ்டம் என்று அவர்கள் சொல்ல முடியாது. வியாபாரத்தின் பேரில் ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சலுகை கொடுத்தால் 10 சதவிகிதம் வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலையில் வருமான வரிச் சட்டம் விதித்தது. அப்படியானால் கம்பெனியின் கணக்கில் பெயர் இருக்கிறது. வரி அலுவலகத்தில் பெயர் இருக்கிறது. நோயாளிக்கு மட்டும்தான் தெரியாது!

மூன்று. மருந்தின் உச்சவிலையை உற்பத்திச் செலவின் அடிப்படையில் நிர்ணயம் செய். பொதுத்துறை மருந்துத் தொழிற்சாலைகளைப் புதுப்பி.

நான்கு. கம்பம் பள்ளத்தாக்கின் அரசு ஆஸ்பத்திரிகளில், தோட்ட வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வசதியாக மாலையிலும் வெளிநோயாளிகளைப் பார்க்க டாக்டர்களையும் நர்சுகளையும் நியமி.

நேர்மையான டாக்டர்கள் இந்தக் கோரிக்கைகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பட்டியல் வந்தால் அவர்களுடைய பெயருக்கு நேரே பூஜ்யம் இருக்கும்; அதைவிட நல்ல போர்டு அவர்களுக்கு எது? அவர்களையும் மருந்துப் பிரதிநிதிகளையும் மருந்துக் கடை ஊழியர்களையும் நம்மோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூலிக்காக நின்ற சங்கம் இதற்காகவும் நிற்க வேண்டும். இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக எழுதி, ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் கையெழுத்து வாங்கி, மாவட்டக் கலெக்டரிடம் கொடுப்பது என்ற முடிவை இந்தக் கூட்டம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.